மலையிலிருந்து மாடலிங்குக்கு: போர்ட்ஃபோலியோ, புகைப்படக்காரர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வசிக்கிறேன். கோவை ஜவுளிக்கடை விளம்பரங்களிலும் திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களின் கேட்டலாக்குகளிலும் ஒன்பது ஆண்டுகள் மாடலாக வேலை செய்தேன். இப்போது உதகை, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்ஸ்டாகிராமில் என் படங்கள் நிறைய இருக்கின்றன. தனியாக ஒரு போர்ட்ஃபோலியோ, அதாவது வேலை கேட்டுக் காட்டும் படத் தொகுப்பு, எதற்கு?

ஒரு கடைக்காரரோ விளம்பர நிறுவனத்தில் ஆள் தேர்வு செய்பவரோ உங்கள் படங்களைப் பார்க்கச் செலவிடும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்துக்குள் அவருக்குத் தெரிய வேண்டியவை சில: முகம் எப்படி இருக்கிறது, உயரம் என்ன, உடல்வாகு எப்படி, புடவையும் சுடிதாரும் ஜீன்ஸும் இவருக்கு எப்படிப் பொருந்தும், சிரித்தால் எப்படி இருப்பார். இன்ஸ்டாகிராமில் தோழியின் கல்யாணம், ஃபில்டர் போட்ட செல்ஃபி, பைக்காரா படகுத்துறை எல்லாம் கலந்து கிடக்கும். அதில் உங்களைத் தேடி எடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். போர்ட்ஃபோலியோ என்பது அந்தத் தேடலை நீங்களே முடித்துக் கையில் கொடுப்பது.

எத்தனை படங்கள் வேண்டும்?

தொடக்கத்தில் பத்து முதல் பன்னிரண்டு போதும். சுமாரான இருபது படங்களைவிட நல்ல எட்டுப் படங்கள் மேல். பார்ப்பவர் உங்களுடைய மோசமான படத்தை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்.

முகம் மட்டும் தெரியும் படம் ஒன்று, சிரிப்போடு ஒன்று, சிரிப்பில்லாமல் ஒன்று. இடுப்பு வரை ஒன்றிரண்டு. தலை முதல் கால் வரை குறைந்தது மூன்று. அதில் பாதம் வெட்டுப்படக் கூடாது. பக்கவாட்டில் ஒன்று. உடைகளில் புடவை, சுடிதார் அல்லது குர்த்தா, சட்டை பேண்ட் போன்ற அலுவலக உடை, சாதாரண டி-ஷர்ட். கோவை, திருப்பூர் வேலைகள்தான் உங்கள் குறி என்றால் புடவைப் படத்தில் மடிப்பு கலையாமல், முந்தானை விரிந்து தெரியும்படி ஒன்றாவது வேண்டும். ஜவுளிக்காரர் முதலில் பார்ப்பது துணி உங்கள் மேல் எப்படி விழுகிறது என்பதைத்தான். ஆண்களுக்கு வேட்டி சட்டைப் படம் அந்த இடத்தில் நிற்கும்.

இவற்றோடு மேக்கப் இல்லாமல், வெறும் சுவருக்கு முன்னால், உடலோடு ஒட்டிய சாதாரண உடையில், பகல் வெளிச்சத்தில் எடுத்த நான்கு படங்களும் வேண்டும்: நேராக, இருபக்கமும், முழு உருவம். இவற்றைப் போலராய்டு என்பார்கள். இதற்குக் கைபேசி போதும், தம்பியோ தங்கையோ எடுத்தால் போதும். பெரிய நிறுவனங்கள் பல சமயம் இதைத்தான் முதலில் கேட்கின்றன.

மலையில் இவ்வளவு அழகான இடங்கள் இருக்கும்போது படம் தானாகவே நன்றாக வருமே?

நான் அதிகம் வாதாடுவது இந்த ஒரு கேள்வியில்தான். வரும், நன்றாகவே வரும். தொட்டபெட்டாவின் மேகமும் தேயிலைச் சரிவும் எந்தப் படத்தையும் அழகாக்கிவிடும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர் ‘என்ன இடம் இது?’ என்றுதான் கேட்பார். ‘யார் இந்தப் பெண்?’ என்று கேட்க வைப்பதற்காக அல்லவா நீங்கள் பணம் செலவழிக்கிறீர்கள்! கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் முப்பது படங்களோடு வந்தாள். லாம்ப்ஸ் ராக், சிம்ஸ் பூங்கா, கேத்தரின் அருவி, மலை ரயில் எல்லாம் இருந்தன. அவளுடைய கண்ணின் நிறம் என்ன என்று எனக்கு ஒரு படத்திலும் தெரியவில்லை. நேரில் பார்த்தபோதுதான் தெரிந்தது, தேன் நிறம். அந்தக் கண்ணுக்காகவே அவளுக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும்.

வெளியில் எடுத்த படங்கள் இரண்டோ மூன்றோ போதும். மற்றவை சுவரும் ஜன்னலுமாக இருக்கட்டும். எனக்கு முதல் வேலையை வாங்கித்தந்த படம் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் ஓரத்தில் எடுத்தது. வடக்குப் பார்த்த ஜன்னல். வெளியே மூடுபனி. முகத்தின் ஒரு பக்கம் அந்த வெள்ளை வெளிச்சம். மறுபக்கம் இருட்டாகிவிடாமல் இருக்க, டிவி வந்த அட்டைப்பெட்டியின் தெர்மாகோலை என் அத்தை பிடித்துக்கொண்டு நின்றார். பின்னணியில் இருந்தது சுண்ணாம்பு அடித்த சுவர் மட்டும்தான்.

தேயிலைத் தோட்டத்தில் எடுத்தால் முகம் ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறது?

பச்சை. சுற்றிலும் இருக்கும் செடிகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து தாடையிலும் கழுத்திலும் விழுகிறது. நோயாளியினுடையதைப் போல் தோல் வெளிறித் தெரியும். உங்கள் படத்தில் கழுத்துப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். அனுபவமுள்ளவர் செடியிலிருந்து உங்களைச் சற்றுத் தள்ளி நிறுத்துவார், அல்லது இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணியோ தெர்மாகோலோ வைத்துப் பச்சையை மறைப்பார். முதலில் ஒரு வெள்ளைத் தாளை உங்கள் முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வார். பிறகு நிறத்தைச் சரிசெய்ய அது உதவும்.

மூடுபனிக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. பின்னால் வெள்ளையாகப் பனி இருக்கும்போது கேமரா ‘வெளிச்சம் அதிகம்’ என்று எண்ணிப் படத்தையே இருட்டாக்கிவிடும், முகம் கறுத்துப்போகும். வெளிச்ச அளவைக் கையால் கூட்டிவைக்க வேண்டும். மாநிறமும் கறுப்பும் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு இது தெரிந்த புகைப்படக்காரர் கிடைப்பது பெரிய விஷயம். இது தெரியாதவர்தான் பிறகு கணினியில் உட்கார்ந்து தோலை வெளுக்க வைப்பார்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை எனக்குப் பிடித்த நேரம். குன்னூரில் மதியத்துக்கு மேல் பனி ஏறிவரும் நாட்கள் அதிகம், ஆகவே பிற்பகலை நம்பித் திட்டமிடாதீர்கள். ஜூன் முதல் உதகையிலும் கூடலூரிலும் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மே மாதத்தில் கூட்டம்.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கிறதே என்று வெயிலை எளிதாக எண்ணாதீர்கள். புற ஊதாக் கதிர்கள் இங்கே சமவெளியைவிட அதிகம். ஷூட்டுக்கு முந்தைய வாரம் தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். உதடு வெடிப்புக்கு இரவு தேங்காயெண்ணெய் தடவுங்கள். அதிகாலைக் குளிரில் கையில் மயிர்க்கூச்செறிவது நெருக்கத்தில் எடுத்த படத்தில் அப்படியே தெரியும். ஷாட்டுக்கு இடையே சால்வையைப் போர்த்திக்கொண்டு நில்லுங்கள்.

எங்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

தாவரவியல் பூங்கா போன்ற அரசுப் பூங்காக்களில் தொழில்முறைப் படப்பிடிப்புக்குத் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு. முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டம் ஒருவருக்குச் சொந்தமானது, மேலாளரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. காட்டெருமை நிற்கிறதா என்பதையும் தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். காப்புக்காட்டுக்குள், சோலைக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகாதீர்கள். வெலிங்டன் ராணுவப் பகுதியில் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

மலை ரயில் தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பது பலருடைய ஆசை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள். தேர்வு செய்பவர் அந்தத் தண்டவாளத்தை நூறு பேரிடம் பார்த்துவிட்டார்.

கோவையிலிருந்து புகைப்படக்காரர் வருகிறார் என்றால், நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் பற்றி அவருக்கு நினைவூட்டுங்கள்.

புகைப்படக்காரர் நம்பகமானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படம் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நீங்கள் கேள்வி கேட்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நல்லவர் கேள்விகளை விரும்புவார். ‘என் மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று கோபித்துக்கொள்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வேலையைச் செய்பவர் இப்படிக் கோபிக்க மாட்டார்.

அவர் எடுத்த ஒரே ஒருவருடைய முழுத் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேரின் ஒவ்வொரு சிறந்த படம் எல்லோரிடமும் இருக்கும். ஒரே பெண்ணை மூன்று உடையில், மூன்று வெளிச்சத்தில் எப்படி எடுத்திருக்கிறார் என்பதில்தான் திறமை தெரியும். எல்லாப் படத்திலும் தோல் மெழுகு போல் வழவழவென்று இருந்தால் அவர் எடிட்டிங்கை நம்பி வாழ்பவர். முகப் படங்களில் மூக்கு பெரிதாகவும் காது பின்னுக்குப் போனது போலவும் தெரிந்தால், அகலக் கோண லென்ஸை மிக அருகில் வைத்து எடுக்கிறார் என்று பொருள். முகத்துக்கு 85 மி.மீ. லென்ஸ் பொதுவாக நன்றாக இருக்கும்; ‘என்ன லென்ஸ் வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அவரிடம் படம் எடுத்துக்கொண்ட இரண்டு பெண்களின் எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே பேசுங்கள். ‘படம் எப்படி வந்தது?’ என்பதோடு, ‘சொன்ன நாளில் கொடுத்தாரா? கையைத் தொட்டுச் சரிசெய்வதற்கு முன் கேட்டாரா? இரவில் செய்தி அனுப்பினாரா?’ என்றும் கேளுங்கள். பெண்கள் பெண்களிடம் உண்மையைச் சொல்வார்கள்.

என் மாமனார் உதகை இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960இல் தொடங்கப்பட்ட அந்த அரசு நிறுவனத்தின் ‘இந்து’ ஃபிலிமைத்தான் ஒரு காலத்தில் நம் ஊர் ஸ்டுடியோக்கள் பயன்படுத்தின. பெரிய ரோல் என்றால் பன்னிரண்டு படம், சிறியது என்றால் முப்பத்தாறு. ஒவ்வொன்றையும் அழுத்துவதற்கு முன் ஸ்டுடியோக்காரர் இரண்டு அடி முன்னால் வந்து, காலர் மடிந்திருக்கிறதா, நெற்றியில் மயிர் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார் என்று மாமனார் சொல்வார். இன்றும் அந்த இரண்டு அடியை நடந்து வருபவரைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் படம் அழுத்திவிட்டு ‘நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்’ என்பவர் வேலையில் பாதியை உங்கள் தலையில் கட்டுகிறார்.

அம்மாவோ அண்ணனோ கூட வரலாமா?

வர வேண்டும். ‘கூட ஆள் இருந்தால் இயல்பாக வராது’ என்று ஒருவர் சொன்னால் அந்த ஷூட் வேண்டாம். இதில் விதிவிலக்கே கிடையாது. தனியான காட்டேஜில்தான் எடுப்பேன், மாலைக்குப் பிறகுதான் எடுப்பேன் என்பதும் இதே ரகம். கூட வருபவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: தெர்மாகோல் பிடிக்கலாம், பையைப் பார்த்துக்கொள்ளலாம். சும்மா நின்றால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

உடை மாற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் அறை இருக்காது. அகலமான நைட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள். அதை மேலே போட்டுக்கொண்டு உள்ளுக்குள்ளேயே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். நான் ஒன்பது ஆண்டுகளும் அப்படித்தான் மாற்றினேன். விடுதி அறை என்றால் யார் ஏற்பாடு செய்த அறையாக இருந்தாலும் இந்த நைட்டி கைகொடுக்கும்.

எவ்வளவு கட்டணம் நியாயம்?

தொகை ஊருக்கும் ஆளுக்கும் தகுந்து மாறும். எதற்கு அந்தத் தொகை என்று எழுதி வாங்குங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை உடை, எடிட் செய்த படங்கள் எத்தனை, மேக்கப் சேர்ந்ததா, வண்டிச் செலவும் பூங்காக் கட்டணமும் யாருடையது, எந்தத் தேதிக்குள் படம் கைக்கு வரும். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் போதும். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தேதி குறிக்கும்போது ஒரு பங்கு, ஷூட் அன்று ஒரு பங்கு, படங்கள் கையில் வந்தபின் மீதி.

இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்கிறாரே?

வளரும் புகைப்படக்காரர்களும் புதிய மாடல்களும் காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் படத்துக்காக வேலை செய்வது உலகம் முழுவதும் உள்ள வழக்கம், தவறில்லை. ஆனால் மேலே சொன்னவை எல்லாம் அங்கேயும் பொருந்தும். இலவசம் என்பதற்காக உடையிலோ இடத்திலோ நீங்கள் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

ஒரு ஏஜென்சி பதிவுக் கட்டணம் கேட்கிறது. கட்டலாமா?

வேண்டாம். ஏஜென்சி என்பது உங்களுக்கு வேலை வாங்கித்தந்து அந்தச் சம்பளத்தில் கமிஷன் எடுப்பது. வேலைக்கு முன்பே பணம், எங்கள் ஆளிடம்தான் போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டும், மூன்று நாளில் சீரியல் வாய்ப்பு: இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். ‘அளவு பார்க்க’ உள்ளாடையில் படம் அனுப்பச் சொன்னால் அந்த எண்ணைத் தடுப்பதோடு நிற்காமல், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேமித்துவையுங்கள். அளவை எண்களாக எழுதி அனுப்பலாம். எந்த நேர்மையான நிறுவனத்துக்கும் அது போதும்.

படங்கள் யாருக்குச் சொந்தம்?

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட என் முகப் படம், இரண்டு ஆண்டுகள் கழித்துக் கோவையில் ஒரு முடி உதிர்வு சிகிச்சை நிலையத்தின் ஃப்ளெக்ஸ் பலகையில் தொங்கியது. ‘சிகிச்சைக்கு முன்’ என்ற பக்கத்தில் என் முகம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அந்தப் பலகைக்குக் கீழே நின்று அழுதேன். புகைப்படக்காரர் விற்றிருந்தார். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

சட்டம் நம் பக்கம்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ‘மாறான ஒப்பந்தம்’ என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஷூட் அன்று அவசரமாக நீட்டும் ஒப்புதல் படிவத்தில் ‘எல்லா ஊடகங்களிலும், எந்த நோக்கத்துக்கும், என்றென்றைக்கும்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘புகைப்படக்காரர் தன் பணியைக் காட்டிக்கொள்ள மட்டும் பயன்படுத்தலாம், விற்கவோ மூன்றாம் நபருக்குத் தரவோ கூடாது’ என்று திருத்தி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பணமில்லாமல் எடுக்கும் ஷூட்டில் உரிமை பொதுவாக எடுப்பவருடையது, ஆகவே அங்கே இந்தக் காகிதம் இன்னும் முக்கியம்.

என் மகளுக்குப் பதினாறு வயது. அனுப்பலாமா அம்மா?

நீங்கள் கூட இருந்தால் அனுப்பலாம். 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. பெற்றோர்தான் கையெழுத்திட வேண்டும். வயதுக்குப் பொருந்தாத உடையையும் நிற்கும் விதத்தையும் ஷூட்டின் நடுவிலேயே நிறுத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை விளம்பரத்தில் நடிப்பதென்றால் நிறுவனம் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும்.

நான் கறுப்பு. எடிட்டிங்கில் நிறத்தைக் கொஞ்சம் கூட்டலாமா?

கூட்டாதீர்கள் தங்கையே. பருவையும் அன்றைய கண் வீக்கத்தையும் நீக்கலாம், அவை ஒரு வாரத்தில் போய்விடுபவை. நிறம், மச்சம், தழும்பு, இடுப்பின் அளவு இவற்றைத் தொடக் கூடாது. படத்தை நம்பிக் கூப்பிட்டவர் நேரில் வேறு ஆளைப் பார்த்தால் அன்றோடு அந்தக் கதவு மூடும். உங்கள் நிறத்துக்காகவே கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் படத்தில் அந்த நிறம் இருக்க வேண்டும்.

தோடர் சால்வை போட்டுப் படம் எடுக்கலாமா?

நீங்கள் அந்தச் சமூகத்தவர் என்றால் கட்டாயம் எடுங்கள், பெருமையாக எடுங்கள். தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிவப்பும் கறுப்புமான அந்த வேலைப்பாடு வெள்ளைத் துணியில் எந்தக் கேமராவிலும் பேசும். மற்றவர்கள், அதைத் தைப்பவரிடமிருந்து முறையாக வாங்கிப் போர்த்திக்கொள்ளலாம். ஆனால் மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போய் அங்கிருக்கும் பெரியவர்களைப் பின்னணியாக நிறுத்திப் படம் எடுப்பது எனக்கு ஏற்பில்லை. அவர்கள் வீடு அது.

ஏதாவது தவறாக நடந்துவிட்டால் யாரிடம் போவது?

முதலில் வீட்டில் சொல்லுங்கள். தப்பு உங்களுடையது அல்ல. செய்திகள், பணம் அனுப்பிய விவரம், படங்கள் எதையும் அழிக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இணையவழிப் பண மோசடிக்கு 1930, அவசரத்துக்கு 112. ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்காத அந்தரங்கப் படத்தைப் பரப்புவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவுப்படி குற்றம். ‘நீதானே எடுக்கச் சொன்னாய்?’ என்று யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்.

படங்களை எப்படி அனுப்புவது? எப்போது மாற்றுவது?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவை இழக்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். முதல் படமாக உங்கள் மிகச் சிறந்த முகப் படம், கடைசியாக இரண்டாவது சிறந்தது. உயரம், மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு, செருப்பு அளவு, தெரிந்த மொழிகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வீட்டு முகவரி வேண்டாம். தமிழோடு படுகு மொழியோ மலையாளமோ கன்னடமோ தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எல்லைக்கு அப்பால் உள்ள கேரள, கர்நாடக விளம்பரங்களுக்கு அது உதவும்.

முடியை வெட்டிக்கொண்டால், எடை கூடிக் குறைந்தால், பல்லுக்குக் கம்பி போட்டால் அந்த வாரமே போலராய்டு நான்கையும் மாற்றுங்கள். மற்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, உங்களைப் போல் இல்லாததை எடுத்துவிடுங்கள். பழைய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.